கழுவிய குப்பை

மதிவதனி ஓடையில் இறங்கியதற்கு ஒரு மெத்தைதான் காரணம்.

ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது நொச்சிப்பாக்கம். ஊருக்கு மேற்கே ஏரி. ஏரி நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து ஓடையில் விழும். ஓடை ஊரை உரசிக்கொண்டு வந்து, சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலத்துக்குள் நுழைந்து, அப்புறம் பல ஊர்களைச் சுற்றி அடையாற்றில் சேர வேண்டும். கம்பெனிகள் வந்து, கம்பெனிகளுக்கு ஆட்கள் வந்து, ஆட்களுக்கு வாடகை ரூம்கள் வந்த பிறகு ஓடைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். கையில் வைத்துக்கொள்ளப் பிடிக்காத எதையும் போடுகிற இடம் அது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த நிறுத்தத்தைக் ‘குப்பை ஸ்டாப்’ என்றுதான் சொல்வார்கள். யாரும் அதைக் கேவலமாக நினைத்துச் சொல்லவில்லை. அடையாளத்துக்குச் சொன்னார்கள்.

கார்த்திகை மழையில் மதிவதனியின் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. டிவியில் செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி இருக்கிறது, எப்போது திறப்பார்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நொச்சிப்பாக்கம் ஏரியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது தானே நேரில் வந்து கட்டிலுக்கு அடியில் நின்றது. மதிவதனியும் அவள் கணவன் அன்புவும் கிரைண்டரைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்து, விருந்தாளியைக் கவனித்துக்கொள்வதுபோல அதற்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

மழை விட்டது. தண்ணீர் வடியவில்லை. ஏன் என்று பார்க்க மதிவதனி சிறுபாலத்துக்குப் போனாள். பாலத்தின் வாயில் ஒரு பெரிய இரட்டைக் கட்டில் மெத்தை குறுக்கே செருகிக்கொண்டு நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு ஊரின் மற்ற குப்பையெல்லாம் இளைப்பாறிக்கொண்டிருந்தது. அவள் ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். ஓடை தங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். ஓடைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனாள். ஓடை சரி, பாலம் வேறு துறை என்றார்கள். பாலத்துக்குப் பொறுப்பானவர் ஒருவர் நேரிலேயே வந்து, பொறுமையாகக் குனிந்து பார்த்து, பாலம் எங்களுடையதுதான், மெத்தை எங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதிவதனி இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவள். மெஷினில் நூல் சிக்கினால் லைனை நிறுத்தி, சிக்கை எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. நூல் யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அன்று அவள் லீவு போட்டாள். அன்புவும் போட்டான். பாலத்தை ஒட்டி மெஸ் நடத்துகிற மரகதம் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அந்த மெஸ்ஸில் சாப்பிடுகிற இசக்கிபாண்டி கயிறு கொண்டுவந்தான். நாங்குநேரிப் பக்கத்துக்காரன், மதிவதனி வேலை செய்கிற அதே கம்பெனியில் ஸ்டோரில் இருந்தான். நாலு பேரும் இழுத்ததில் மெத்தை ஒரு பக்கம் கிழிந்து, மறுபக்கம் வெளியே வந்தது. பெரிய மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமுவதுபோல ஓடை ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் நாலு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இறங்கினார்கள். அதற்கடுத்த ஞாயிறும். வாடகை ரூம் பையன்கள் சிலர் மரகதத்தின் குழம்புக்குக் கட்டுப்பட்டு வந்தார்கள். மாசி பிறந்தபோது, பாலத்திலிருந்து மேலே வளைவு வரைக்கும் ஓடை ஓடையாக இருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் மணல், மணலின்மேல் விரல் நீளத்துக்குக் கெண்டைக் குஞ்சுகள். ஆட்டோக்காரர்களுக்குத்தான் சிரமம். குப்பை ஸ்டாப்பைக் காணாமல் இரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

வளைவுக்கு மேலே கலங்கல் வரைக்கும் உள்ள பகுதியில் கை வைக்க முடியவில்லை. சீமைக்கருவேலம் ஓடைக்குள்ளேயே காடாக வளர்ந்திருந்தது. அதன் வேரைச் சுற்றிப் பல வருஷத்துக் குப்பையும் சேறும் இறுகிப்போயிருந்தன. அதை எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கும் கிரைண்டர் கட்டிலேற வேண்டியதுதான். அதற்கு ஜேசிபி வேண்டும். ஜேசிபிக்கு எங்கே போவது?

இந்த நேரத்தில்தான் விமல் வந்தான்.

மதிவதனியின் கம்பெனியில் சமூகப் பொறுப்புத் திட்டங்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி விமல். கெட்டவன் இல்லை. தூக்கம் குறைந்தவன். புனேயில் தலைமை அலுவலகத்தில் இருக்கிற எம்.டி. வருகிற சனிக்கிழமை பிளான்ட்டுக்கு வருகிறார், வரும்போது ஏதாவதொரு நீர்நிலையைச் சுத்தம் செய்ய ஆசைப்படுகிறார் என்று அவனுக்குச் செய்தி வந்திருந்தது. தொழிலாளி ஒருத்தி தன் ஊர் ஓடையைச் சுத்தம் செய்கிறாள் என்பதும் அவன் காதுக்கு வந்திருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, மெத்தை நின்ற காலத்துப் புகைப்படத்தை அனுப்பி, மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கிவிட்டான். அதன் பிறகுதான் இடத்தைப் பார்க்க வந்தான்.

பாலத்தின்மேல் நின்று வெகுநேரம் கீழே பார்த்தான்.

“குப்பை எங்க?” என்றான்.

“எடுத்துட்டோம் சார்,” என்றாள் மதிவதனி.

“எல்லாத்தையுமா?”

“ஆமா சார்.”

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

மதிவதனி பக்கத்தில் நின்ற மரகதத்தைத் திரும்பிப் பார்த்தாள். மரகதம்தான், குப்பையையே கேட்டுக்கினு எடுத்தோம், அது ஒண்ணியும் சொல்லல என்றாள். விமல் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். எம்.டி. எதை எடுப்பார், வேறு ஓடை தேட இனி நேரமில்லை, பந்தலுக்குச் சொல்லியாயிற்று, டீ ஷர்ட் அச்சடித்தாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரே ஒரு நாளைக்கு அந்தக் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து போட முடியுமா என்று கேட்டான்.

மதிவதனிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தன் மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை ஒருவன் திரும்பத் தரச் சொல்வது போல இருந்தது அவளுக்கு. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவள், விமலின் தலைக்கு மேலே தெரிந்த கருவேலங்காட்டைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, வேறு மாதிரி பேசினாள்.

“போடறோம் சார். வளைவுக்கு மேல தூர் வார ஜேசிபி குடுப்பீங்களா?”

விமல் உடனே தருவதாகச் சொன்னான். அந்த நேரத்தில் அவனிடம் ஏரியையே கேட்டிருந்தாலும் தந்திருப்பான்.

எடுத்ததையே திரும்பப் போடப் போகிறாயா என்று அன்பு வீட்டில் கேட்டான். தையலைப் பிரித்துத் திரும்பத் தைப்பது கம்பெனியில் தினமும் நடக்கிறதுதானே என்றாள் மதிவதனி. ஆனால் அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விமல் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியைக் கூட்டிவந்தான். எம்.டி. கைபடப் போகிற குப்பை என்பதால் அதற்குச் சில விதிகள் இருந்தன. கண்ணாடி கூடாது, ஊசி கூடாது, துரு கூடாது, நாற்றம் கூடாது. ஈரமான எதுவும் கூடாது என்று அந்த அதிகாரி சொன்னபோது, ஓடைக்குள் எப்படி ஈரமில்லாமல் இருக்கும் என்று மரகதம் கேட்டாள். போடும்போது காய்ந்திருந்தால் போதும் என்று அவர் விட்டுக்கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி இருந்தது. குப்பையில் நம் கம்பெனியின் பெயர் இருக்கக்கூடாது. போட்டிக் கம்பெனிகளின் பெயரும் இருக்கக்கூடாது. நமக்குச் சரக்கு கொடுக்கிறவர்கள், நம்மிடம் வாங்குகிறவர்கள் பெயரும் இருக்கக்கூடாது.

அந்த வட்டாரத்தில் யார் பெயரும் இல்லாத குப்பை எங்கே கிடைக்கும்? அவர்கள் ஓடையிலிருந்து எடுத்ததெல்லாம் அட்டைப்பெட்டி, பாக்கிங் கவர், பழைய யூனிஃபார்ம், அடையாள அட்டை என்று ஊரைச் சுற்றியுள்ள எல்லாக் கம்பெனிகளின் பெயரையும் தாங்கியிருந்தவை. மதிவதனியும் இசக்கிபாண்டியும் ஷிப்ட் முடிந்து வந்து, தெருத்தெருவாகப் போய்ப் பெயரில்லாத குப்பை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓடையில் குப்பை போடாதீர்கள் என்று அத்தனை நாள் கெஞ்சியவர்கள் இப்போது குப்பை கேட்டு வந்ததில் சனங்களுக்குக் குழப்பம். சில பேர் கொடுக்க மறுத்தார்கள். அதுவரைக்கும் ஒரு நாள்கூடக் குப்பையை வீட்டில் வைத்திருக்காத ஒருவர், என் குப்பையை நான் ஏன் உங்களுக்குத் தரவேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கிடைத்ததை மரகதம் மெஸ் கொல்லையில் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். தண்ணீர் பாட்டில்களில் லேபிளை உரித்தார்கள். பாலித்தீன் பைகளைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார்கள். மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தவர்கள் கொடியைப் பார்த்துவிட்டு, சோறு போடுகிற இடத்தில் இவ்வளவு சுத்தம் இருக்கிறதா என்று கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இசக்கிபாண்டி ஸ்டோர்க்காரன் ஆயிற்றே, பாட்டில் தனி, பை தனி, டப்பா தனி என்று அடுக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஒரு ஷாம்பு டப்பாவில் அழுக்கு இருந்ததென்று மரகதத்திடமே திருப்பிக் கொடுத்தான்.

“யக்கா, இது குப்பைக்கு ஆவாது. இன்னொரு தடவ கழுவிக் குடுங்க,” என்றான். அவன் சிரிக்கவில்லை. வேலை என்றால் அவனுக்கு வேலைதான்.

வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகை நடந்தது. எம்.டி.யின் இடத்தில் விமல் நின்றான். குப்பையை ஓடையில் பரப்பினார்கள். பாதுகாப்பு அதிகாரி இடைவெளி சரிபார்த்தார். விமல் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டான். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. காலையில் எடுத்துத் திரும்பப் பரப்பலாம் என்று சாக்குகளைப் பாலத்தின் ஓரம் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

விடிந்ததும் ஊராட்சியின் குப்பை வண்டி வந்தது. நொச்சிப்பாக்கத்தில் கழுவி, காயவைத்து, தரம் பிரித்து, வாய் கட்டிய குப்பையை அந்த வண்டிக்காரர்கள் அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை. மிகுந்த மரியாதையோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

விமல் வந்து பார்த்தபோது பந்தல் இருந்தது, பேனர் இருந்தது, நாற்காலிகள் இருந்தன, ஓடை கண்ணாடிபோல ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜேசிபியும் வந்து நின்றது. வாழைக்கன்று கட்டி, கல்யாணப் பந்தலுக்கு வந்த மாப்பிள்ளைபோல மாலை போட்டிருந்தார்கள். மதிவதனி அதனிடம்தான் முதலில் போனாள். அதன் ஆபரேட்டர் மாரிமுத்துவிடம், எந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். எதையும் ஆரம்பிக்கப் போவதில்லை என்றார் அவர். பெரியவர் கொடி அசைப்பார், நான் பாலம் வரைக்கும் ஓட்டிக் காட்டணும், அப்புறம் படப்பையில் வேறு வேலை இருக்கிறது என்றார். விமலைத் திரும்பிப் பார்த்தாள். தூர் வாருவது இரண்டாம் கட்டம், இன்று கொடியசைப்பு மட்டும்தான் என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“இரண்டாம் கட்டம் எப்ப சார்?”

விமலின் போன் அடித்தது, எடுத்துக்கொண்டு நகர்ந்தான். மதிவதனிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அவன் பார்க்கக்கூடாது என்று ஓடைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இதற்காகவா அந்தப் பைகளைக் கொடியில் காயப்போட்டேன் என்று இருந்தது.

விமல் ஆனால் அவளைக் கவனிக்கிற நிலையில் இல்லை. எம்.டி.யின் கார் கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. அவன் தன் காரின் டிக்கியைத் திறந்து, மழைக்கோட்டு, டிபன் பை, பழைய செருப்பு என்று கைக்கு வந்ததை எடுத்து ஓடைக்குள் வீசிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தைத்த குஷன் ஒன்றும் அதில் போயிற்று. அவன் காரின் ஸ்பேர் டயரில் கை வைத்தபோது மரகதம் போய்ப் பிடித்து நிறுத்தினாள்.

“இன்னாத்துக்கு சார் அலையற? அங்க பார்,” என்று பந்தலைக் காட்டினாள்.

பந்தலுக்குள் பிளான்ட்டிலிருந்து வந்தவர்கள் நிகழ்ச்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு டீ ஷர்ட்டும் ஒரு பாலித்தீன் உறையில் வந்திருந்தது. ஒவ்வொரு தொப்பியும், ஒவ்வொரு ஜோடிக் கையுறையும் தனித்தனி உறை. பொங்கல் தெர்மாகோல் பெட்டியில், சட்னி பிளாஸ்டிக் கிண்ணத்தில், தண்ணீர் சின்னச் சின்ன பாட்டிலில். ஓடையைக் காப்பாற்ற வந்தவர்களின் காலடியில் முழங்கால் உயரத்துக்குக் குப்பை கிடந்தது. எல்லாம் புத்தம்புதியது. ஒன்றிலும் பெயரில்லை.

எம்.டி. காரைவிட்டு இறங்கியபோது அதெல்லாம் ஓடைக்குள் போய், ஓடை குப்பையால் நிறைந்திருந்தது.

அவர் பருத்த, சாந்தமான மனிதர். ஆங்கிலமும் இந்தியும் கலந்து மெதுவாகப் பேசினார். குத்துவிளக்கு ஏற்றினார், கொடி அசைத்தார், மாரிமுத்து ஜேசிபியைப் பாலம் வரை ஓட்டிக் காட்டி நிறுத்தினார். பிறகு எம்.டி. பேன்ட்டை மடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். போட்டோ எடுக்கத் தேவையானதை எடுத்ததும் அவரைக் கரையேற்றுவது திட்டம். ஆனால் அவர் ஏறவில்லை. ஓர் உறையை எடுத்தார். அது கிடந்த இடம் சுத்தமாயிற்று. இன்னொன்றை எடுத்தார். அந்த இடமும் சுத்தமாயிற்று. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பக்கத்தில் நின்ற பிளான்ட் ஹெட் வரதராஜனிடம், முப்பது வருஷமாக மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வேலையும் முடிந்து பார்த்ததில்லை, இது குனிந்தால் முடிந்துவிடுகிறது என்று சொன்னாராம்.

அங்கிருந்த குப்பை தீர்ந்தது. எம்.டி. நிமிர்ந்து, மேலே எங்கே இருக்கிறது என்று பார்த்தார். வளைவுக்கு அப்பால் நிஜக் குப்பை தெரிந்தது. அதை நோக்கி நடந்தார். அவர் நடந்தால் வரதராஜன் நடக்க வேண்டும். வரதராஜன் நடந்தால் மற்ற மேனேஜர்கள் நடக்க வேண்டும். ஷூவோடும் சாக்ஸோடும் ஒரு பெருங்கூட்டம் ஓடைக்குள் அவர் பின்னால் போயிற்று. விமல் கரையிலேயே ஓடிக்கொண்டு, சார், அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லிப் பார்த்தான். எம்.டி. கருவேலம் முள்ளில் மாட்டியிருந்த ஒரு பழைய சாக்கைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. இன்னொரு அடி முன்னால் வைத்து இழுத்தார். அந்த இடத்தில் தரை இல்லை.

இடுப்பு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டார். பல வருஷத்துச் சேறு, பிடித்ததை விடாது. இரண்டு மேனேஜர்கள் கை கொடுக்கப் போய் முழங்கால் வரைக்கும் அவர்களும் நட்டுக்கொண்டார்கள். எம்.டி. பதறவில்லை. சாக்கையும் விடவில்லை. பதறியதெல்லாம் கரையில் நின்றவர்கள்தான். இரண்டு கரையிலும் முள், ஆள் நெருங்க முடியாது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமா, தீயணைப்புக்குச் சொல்லலாமா, சொன்னால் பேப்பரில் வந்துவிடுமா என்று வரதராஜன் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஜேசிபி நிக்குதே சார்,” என்றாள் மதிவதனி. “ஓடைக்குள்ளயே வந்து வழி போட்டா அவரைத் தூக்கிடலாம்.”

வரதராஜன் அவளைப் பார்த்தார். பிறகு மாரிமுத்துவைப் பார்த்து, கையை ஆட்டி, வா வா என்றார். அதுதான் உண்மையான கொடியசைப்பு.

மாரிமுத்து மாலையோடும் வாழைக்கன்றோடும் ஜேசிபியை ஓடைக்குள் இறக்கினார். முன்னால் நின்ற கருவேலங்களை வேரோடு பிடுங்கிக் கரையில் போட்டார். மதிவதனி கரையில் அவருக்குக் கூடவே போனாள். அகலமா எடுங்கண்ணா, வண்டி திரும்பணும்ல என்று சொல்லிக்கொண்டே போனாள். அவரும் அகலமாகவே எடுத்தார். எம்.டி.யைச் சுற்றியிருந்த சேற்றை வாளி வாளியாக அள்ளி ஒதுக்கினார். நட்டுக்கொண்டிருந்த இரண்டு மேனேஜர்களும் விடுபட்டு ஒதுங்கினார்கள். கடைசியில் வாளியைத் தாழ்த்தி அவர் முன்னால் வைத்தார். எம்.டி. அதில் ஏறி உட்கார்ந்தார். மாரிமுத்து மெல்ல உயர்த்தினார். மார்பில் சேறு, மடியில் பழைய சாக்கு, ஒரு காலில் மட்டும் ஷூ. மேலே போனவரைப் பார்த்து மேனேஜர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் கை தட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

சேறு அள்ளிய இடத்தில் தேங்கியிருந்த தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது. அது கறுப்பாகப் புறப்பட்டு வந்து, பந்தலுக்குள் புகுந்து, பேனரையும் மைக் செட்டையும் நனைத்துவிட்டுப் பாலத்துக்குள் நுழைந்தது. எம்.டி.யை ஒரு பெட்ஷீட்டில் சுற்றிக் காரில் ஏற்றினார்கள். ஏறும்போது அவர் தன் இடது ஷூவைப் பற்றிக் கேட்டார். அது மகள் வாங்கித் தந்ததாம். அவ்வளவுதான் சொன்னார். கார் போய்விட்டது.

வரதராஜன் ஓடைப்பக்கம் திரும்பினார். ஷூ கிடைக்காமல் யாரும் இங்கிருந்து போகக்கூடாது என்றார்.

உண்மையில் ஷூ அப்போதே கிடைத்திருந்தது. எம்.டி. நின்ற குழியில் அது வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தபோது இசக்கிபாண்டி பார்த்துவிட்டான். எடுத்துக்கொண்டு வந்து மதிவதனியிடம் காட்டினான். மதிவதனி ஷூவைப் பார்த்தாள். கலங்கல் வரைக்கும் மீதமிருந்த கருவேலங்காட்டைப் பார்த்தாள். இசக்கிபாண்டி அவள் முகத்தைப் படித்துவிட்டு, ஷூவை ஒரு சாக்குக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

மதிவதனி வரதராஜனிடம் போய், ஷூ மேல்பக்கம் போயிருக்கும் சார் என்றாள். தண்ணீர் கீழேதானே வருகிறது, ஷூ எப்படி மேலே போகும் என்று மாரிமுத்து கேட்டார்.

“நீ தோண்டுபா,” என்றாள் மரகதம்.

அவர் அவளைப் பார்த்தார், மதிவதனியைப் பார்த்தார், ஏதோ புரிந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மேனேஜர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். ஷூ மேலே போகாது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் எம்.டி.யின் ஷூவைத் தேடியது போதும் என்று சொன்னவர் யார் என்ற பேச்சு பின்னால் வரும். அந்தப் பெயரைச் சுமக்க யாரும் தயாராக இல்லை. படப்பை வேலையை ரத்து செய்யச் சொல்லி வரதராஜனே போன் போட்டார்.

மத்தியானம் முழுக்கத் தோண்டினார்கள். கலங்கல் நோக்கிப் போகப்போக ஷூக்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. சேஃப்டி ஷூ, பள்ளிக்கூட ஷூ, பெண்கள் செருப்பு, கல்யாணச் செருப்பு. விமல் ஒவ்வொன்றையும் தண்ணீரில் அலசி, போட்டோ எடுத்து, இதுதானா என்று எம்.டி.யின் செயலாளருக்கு அனுப்பினான். இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஒரு தடவை, இதுவும் இல்லை, ஆனால் நல்ல ஷூ என்று வந்தது. வெயில் சாயும்போது ஜேசிபி கலங்கலின் கல்லைத் தொட்டது. ஏரியிலிருந்து பாலம் வரைக்கும் ஓடை தடையில்லாமல் திறந்து கிடந்தது. மதிவதனி இசக்கிபாண்டியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் எழுந்து, ஷூவைச் சேற்றில் ஒரு தடவை நன்றாகப் புரட்டி எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“கெடச்சிட்டு சார். கலங்கல் ஓரத்துல கெடந்துச்சு பாத்துக்கிடுங்க,” என்றான்.

வரதராஜன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தக் கட்டிப்பிடிப்பில் உண்மையான அன்பு இருந்தது.

அதற்கப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனி இதழில் எம்.டி. வாளியில் உட்கார்ந்திருக்கும் படம் அட்டையில் வந்தது. திட்டமிட்டதைவிட அதிக தூரம் தூர் வாரியதற்காக வரதராஜனுக்குப் பாராட்டு வந்தது. திட்டமிட்டபடி எதுவும் நடக்காததற்காக விமலை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி பஸ்கள் எந்தெந்த ஊரில் நிற்க வேண்டும் என்பதை இப்போது அவன் பார்த்துக்கொள்கிறான். எம்.டி. மறுபடி இறங்க ஆசைப்படுவதாகவும், அதைத் தடுக்க ஒரு குழு போட்டிருப்பதாகவும் இசக்கிபாண்டி ஸ்டோரில் கேள்விப்பட்டான்.

அந்த வருஷ மழையில் அன்பு முன்ஜாக்கிரதையாகக் கிரைண்டர், மிக்ஸி, காஸ் அடுப்பு எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டான். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. ஓடை கரை தொட்டு ஓடியது. வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. பரணிலிருந்து எதையும் இறக்க அன்புவுக்கு மனம் வரவில்லை. இறக்கினால் வந்துவிடுமோ என்று பயம். மழை முடிகிற வரைக்கும் மரகதம் மெஸ்ஸில்தான் சாப்பிட்டார்கள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விமல் தனியாக வந்தான். எந்தப் பேனரும் இல்லை, டீ ஷர்ட்டும் இல்லை. ஏதாவது வேலை கொடுங்கள் என்றான். மதிவதனி அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். கொடியசைப்பு நடந்த அந்தக் காலைப்பொழுது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. பாலத்தின்மேல் நின்று, குப்பை போட வருகிறவர்களிடம் போடாதீர்கள் என்று சொல்லுங்கள், அது போதும் என்றாள்.

முதலில் வந்தவர் பைக்கில் ஒரு பெரிய பையோடு வந்த வாடகை ரூம்காரர். விமல் அவருக்கு வணக்கம் சொன்னான். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். நீர்நிலை என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, அதன் நோக்கம், பயனாளிகள், எதிர்காலம் என்று நிறுத்தாமல் விளக்கினான். நடுவில் அந்த ஆள் இரண்டு முறை வண்டியைக் கிளப்பப் பார்த்தார். விமல் ஹேண்டில்பாரில் கை வைத்துக்கொண்டு, ஏதாவது கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றான். கீழே தண்ணீரில் நின்று மதிவதனியும் மரகதமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, ஒரு கேள்வியும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.